சாப்லிங் கம்பெனி

முகத்துவாரக்குப்பம்,
6 ஜனவரி 2025

ஜெனி,

போன மே மாதம் ஊருக்கு வந்துவிட்டு என்னைப் பார்க்காமலே திரும்பிப் போனவளுக்கு நானாக எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். இப்போது எழுதுவது பாசத்தில் இல்லை. எனக்கு ஒரு சந்தேகம். அதைத் தீர்க்க, ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த, எண்ணூரில் இல்லாத ஒருத்தி வேண்டும். எனக்குத் தெரிந்து அப்படி இருப்பவள் நீதான்.

முகவரியைத் திருவொற்றியூரில் உங்கள் கடையில் வாங்கினேன். உன் அம்மா பருப்பு நிறுத்துக்கொண்டே, "ஹாஸ்டல்ல போனு கெடையாது. லெட்டரையும் வார்டன் பிரிச்சுப் படிப்பாவ. பாடம் சம்பந்தமா மட்டும் எழுதுளா" என்றார். இது பாடம் சம்பந்தமானதுதான். வார்டன் அம்மாவும் தாராளமாகப் படிக்கலாம். விடை தெரிந்தால் ஓரத்தில் எழுதியும் அனுப்பலாம்.

நடந்தது இது. டிசம்பரில் எங்கள் பன்னிரண்டாம் வகுப்புக்கு ஒரு சிறப்புத் தேர்வு வைத்தார்கள். அண்ணா நகரில் ஏதோ ஒரு பயிற்சி மையமாம். ஏழைப் பிள்ளைகளுக்கு உதவி என்று ஆங்கிலக் கேள்வித்தாளை இலவசமாக அனுப்பினார்கள், திருத்தியும் அவர்களே கொடுத்தார்கள். அதில் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு பத்தி. படித்துவிட்டு ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும், ஐந்து மார்க். திருத்தி வந்த கட்டின் மேல் சிவப்பு மையில் 'மாஸ் காப்பியிங்' என்று எழுதியிருந்தது. வகுப்பில் பதினெட்டுப் பேர் ஒரே மாதிரித் தப்பு விடை எழுதியிருக்கிறோமாம். ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி எழுதாமல் இப்படி வராதாம்.

ஹெச்.எம். மேடம் என்னைக் கூப்பிட்டார். ஆங்கிலத்தில் முதல் மார்க் நான்தான், அதனால் நான்தான் காட்டியிருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. "நான் விடைகளைச் சொல்லிக் கொடுத்தேன், மன்னிக்கவும்" என்று டைப் செய்த தாளில் கையெழுத்துப் போட வேண்டும். பிப்ரவரி ஏழாம் தேதி அக மதிப்பீட்டு மார்க்கை ஆன்லைனில் ஏற்றுவார்கள். அதற்குள் போடாவிட்டால் அந்த மார்க்கில் கை வைப்பார், அதோடு நன்னடத்தைச் சான்றிதழிலும் எழுதிவிடுவார். நன்னடத்தையில் ஒரு கறை இருந்தால் எந்தக் கல்லூரி எனக்கு ஆங்கிலம் சொல்லித்தரும்? நான் எதற்கு ஆங்கிலம் படிக்க வேண்டும் என்கிறேன் என்பது உனக்குத் தெரியும். கம்பெனி விரிவாக்கத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டத்தில் தலையணை கனத்துக்கு ஆங்கிலத்தில் ஓர் அறிக்கையை மேசைமேல் வைத்துவிட்டு "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார்களே, அன்றைக்கு நீயும் என் பக்கத்தில்தானே நின்றாய்.

நான் யாருக்கும் காட்டவில்லை, ஜெனி. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை.

அந்தப் பத்தியை ஆங்கிலத்தில் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். நான் புரிந்துகொண்டது இதுதான்:

'நான் பிறந்த வருஷம்தான் எங்கள் தெருவுக்குப் பிளான்ட் வந்தது. முன்பு சாப்லிங், இப்போது ஜயன்ட். அப்பா தன் காலைப் பொழுதையெல்லாம் பிளான்ட்டுக்குக் கொடுத்தார். நாங்கள் சாப்பிடும்படி அது எதையும் திருப்பித் தரவில்லை. மாலையில் அதன் நிழல் எங்கள் வாசல்வரை வரும். இரவில் அது விடும் காற்று ஆகாது என்று அம்மா ஜன்னலைச் சாத்திவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் புகார் சொன்னார்கள். அப்பா போய்விட்டார். பிளான்ட் அப்படியே நிற்கிறது.'

கேள்விகளில் ஒன்று: அம்மா ஏன் ஜன்னலைச் சாத்தினாள்? இன்னொன்று: பக்கத்து வீட்டுக்காரர்களின் புகார் என்னவாக இருக்கும்?

இதற்குப் பதில் எழுத ஒருத்தியைப் பார்த்து எழுத வேண்டுமா? இதில் வேறு என்ன விடைதான் இருக்க முடியும்? அதைத்தான் உன்னிடம் கேட்கிறேன்.

வினிதா


ராசிபுரம் பக்கத்து ஹாஸ்டல்,
11 ஜனவரி 2025

வினிதா,

வார்டன் பிரித்துப் படித்துவிட்டு, "காம்ப்ரிஹென்ஷனா? சரி" என்று கொடுத்துவிட்டார். ஓரத்தில் எதுவும் எழுதவில்லை.

கோபப்படாமல் படி. அது மரம்.

பிளான்ட் என்றால் செடி. சாப்லிங் என்றால் மரக்கன்று. 'ஒரு காலத்தில் கன்று, இப்போது அரக்கன்' என்று எழுதியிருக்கிறார்கள். அப்பா காலையில் எழுந்து அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறார். அது காய்க்கிற மரம் இல்லை, அதனால் சாப்பிட எதுவும் தரவில்லை. இரவில் மரம் கரியமில வாயுவை வெளியே விடும் என்ற பழைய நம்பிக்கையில் அம்மா ஜன்னலைச் சாத்துகிறாள். இலை விழுந்து குப்பையாவதால் பக்கத்து வீட்டுக்காரர்கள் புகார் சொல்கிறார்கள். அப்பா போன பிறகும் மரம் நிற்கிறது, அதாவது அவருடைய அன்பு நிற்கிறது. கடைசிக் கேள்விக்கு 'அன்பு, பொறுமை' என்று எழுதியிருந்தால் முழு மார்க்.

ஸ்டடி ஹாலில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அதற்காக இம்போசிஷன் எழுதினேன். இரண்டாவது வரியிலேயே சாவி இருக்கிறதே, அதை எப்படி விட்டாய்? இங்கே தினமும் மூன்று பத்தி கொடுக்கிறார்கள். முதல் வகுப்பிலேயே சார் சொன்னார்: "பத்திக்குள்ள போறப்ப உன் ஊரை வெளியே கழட்டி வச்சிரோணும், செருப்பைக் கழட்டற மாதிரி. உள்ளே எழுதியிருக்கறது மட்டும்தான் உண்மை." அதைப் பழகிக்கொண்ட பிறகு எனக்கு மார்க் குறைவதே இல்லை.

கையெழுத்தைப் போட்டுவிடேன், வினி. நீ காட்டவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் தப்பு விடை தப்பு விடைதான். ஒரு தாளில் மன்னிப்புக் கேட்டால் நன்னடத்தை பிழைக்கும் என்றால் கேட்டுவிடலாம். மார்ச்சில் பொதுத் தேர்வு. இப்போது சண்டை போட நேரமில்லை.

மே மாதம் பற்றி. குப்பத்துக்குப் போகாதே என்று அம்மா சொல்லவில்லை. வெயிலாக இருக்கிறது என்றாள். மே முழுக்க வெயிலாகத்தான் இருந்தது. நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஜெனி


முகத்துவாரக்குப்பம்,
16 ஜனவரி 2025

ஜெனி,

சாப்லிங் என்றால் மரக்கன்று. தெரிந்துகொண்டேன். நன்றி.

எங்களுக்கு அது எப்படிப் பட்டது தெரியுமா? வாக்கியத்தின் தொடக்கம் என்பதால் 'எஸ்' பெரிய எழுத்தில் இருந்தது. கம்பெனி பெயர் என்று நினைத்தோம். 'முன்பு சாப்லிங், இப்போது ஜயன்ட்'. முதலில் சாப்லிங் கம்பெனி வைத்திருந்தது, பிறகு ஜயன்ட் என்ற கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். இங்கே எத்தனை பெயர்ப்பலகை மாறியிருக்கிறது என்று எண்ணிப் பார். பலகை மாறும், புகைபோக்கி மாறாது. பிளான்ட் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது பள்ளிக்கூடத்தில் இல்லை, பஸ்ஸில். "பிளான்ட் கேட்லாம் எறங்கு" என்று கண்டக்டர் கத்துவார். அண்ணா நகரில் பிளான்ட் என்றால் பால்கனியில் நிற்பது. இங்கே பால்கனியே கிடையாது.

அப்பாவுக்குப் பத்தியைத் தமிழில் சொன்னேன். வலையிலிருந்து கையை எடுக்காமல் கேட்டுவிட்டு, "எந்தக் கம்பெனி இது? கரண்டா, கெமிக்கலா? அந்தாளு காண்ட்ராக்ட்டு லேபரா இருந்துகீறான், அதான் ஒண்ணியும் தர்ல" என்றார். மரம் என்று சொன்னதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மரத்தாண்ட போயி எவனாவது காலீலேந்து டூட்டி பாப்பானா?" பிறகு உன்னை மாதிரியேதான் சொன்னார்: "இன்னாத்துக்கு பேஜாரு? கையெழுத்த போட்டு வந்துரு. படகு லைசென்சுக்கு நான் போடாத கையெழுத்தா? எதுல இன்னா எழுதிகீதுன்னு எனுக்குத் தெரியுமா?"

அதுதான் எனக்கு ஆத்திரம். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் எங்கள் ஆட்கள் போட்ட கையெழுத்தெல்லாம் எங்கே போய் நிற்கிறது என்று நீயும் பார்த்திருக்கிறாய். இந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே எப்படிப் போடுவது?

உன் சாரிடம் சொல். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நிம்மதியாக உள்ளே போகலாம், ஏனென்றால் பத்தி அவர் வீட்டுக் கூடம். அங்கே எது எங்கே இருக்கும் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

தப்பு விடை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஐந்து மார்க்கும் வேண்டாம். ஆனால் எனக்கு ஒரு விஷயம் மண்டையைக் குடைகிறது, அதை ஏன் யாருமே கேட்கவில்லை? பதினெட்டுப் பேர் பேசிக்கொள்ளாமல் எப்படி ஒரே தப்பைச் செய்ய முடியும்? ஏழைப் பெண்கள் ஒன்றாக யோசித்திருந்தால் அது திருட்டாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டால் அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை போலிருக்கிறது.

எங்கள் ஆங்கில ஆசிரியை சங்கமித்ரா மிஸ் இதைக் கொஞ்சம் கேட்டார். அவர் தற்காலிகப் பணியில் இருக்கிறார், சத்தமாகக் கேட்க முடியாது. ஸ்டாஃப் ரூமில் என்னை உட்கார வைத்து விடைத்தாள்களைக் காட்டினார். பக்கத்து வீட்டுக்காரர்களின் புகார் என்ன என்ற கேள்விக்கு நான் 'சாம்பல்' என்று எழுதியிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் அதுதானே பறக்கிறது. மணலி சாலையிலிருந்து வருகிறவள் 'கேஸ் வாடை, கண் எரிச்சல்' என்று எழுதியிருக்கிறாள். உரச் சாக்கு லாரிகள் நிற்கும் தெருவில் இருப்பவள் 'லாரி' என்கிறாள். ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பிளான்ட்டை எழுதியிருக்கிறாள். பார்த்து எழுதியிருந்தால் ஒரே பிளான்ட்தானே வந்திருக்கும்?

மிஸ் இதை ஹெச்.எம்.மிடம் சொன்னார். "வார்த்தைய மாத்தி எழுதுற அளவுக்கு உஷாருங்க இதுங்க" என்று பதில் வந்தது. இரண்டு வருஷம் முன்பு பறக்கும் படை வந்து எங்கள் பள்ளியில் இரண்டு பேரைப் பிடித்ததிலிருந்து அவருக்கு 'காப்பி' என்ற சொல்லே ஆகாது.

இதற்கு நீ பதில் எழுத வேண்டும் என்றில்லை. உனக்குத்தான் நேரமில்லையே.

வினிதா


ராசிபுரம்,
21 ஜனவரி 2025

வினி,

நீ எழுத வேண்டாம் என்றாலும் எழுதுகிறேன். கடைசிவரை படி, பாதியில் கிழிக்காதே.

உன் கேள்வி எனக்கும் தொற்றிக்கொண்டது. அதனால் ஒன்று செய்தேன். என் அறையில் என்னைத் தவிர எட்டுப் பேர். யாருக்கும் உன் கதை தெரியாது. பத்தியை மட்டும் ஆளுக்கொரு தாளில் எழுதிக் கொடுத்து, பேசாமல் பதில் எழுதச் சொன்னேன். சாப்லிங் தெரிந்துவிட்டால் சோதனையே கெட்டுவிடும் என்று யாரையும் அகராதியைத் தொட விடவில்லை. கரூர், ஆத்தூர், திருச்செங்கோடு என்று பல ஊர்க்காரிகள். ஏழு பேர் மரம் என்றே எழுதினார்கள். இரண்டு பேருக்கு சாப்லிங் என்றால் என்னவென்றே தெரியவில்லை. ஆனாலும் மரம்தான். இதைக் கவனி. மரம் என்று தெரிவதற்கு அவர்களுக்கு அந்தச் சொல்லே தேவைப்படவில்லை.

ராமசெல்வி என்று ஒருத்தி மட்டும் மாற்றி எழுதினாள். தாளைக் கொடுத்துவிட்டு என்னைக் கேட்டாள்: "ஏட்டி, இது எங்கூருப் பக்கமா? அந்த அப்பா பாவம்லா, ஷிப்ட்டு ஷிப்ட்டா ஒழச்சிருக்காரு." மற்றவர்கள் சிரித்தார்கள். "பொறவு என்னத்துக்குச் சன்னல அடைக்காவ? மரத்துக்குப் பயந்தா?" என்று அவள் சண்டைக்கு வந்துவிட்டாள். அவள் ஊர் தூத்துக்குடி.

யோசித்துப் பார், வினி. உன்னை அவள் பார்த்ததே இல்லை. உங்கள் இரண்டு பேர் விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்த அண்ணா நகர்க்காரரும் காப்பி என்றுதான் சொல்வார்.

பிறகு ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. நான் ஏன் மரம் என்று படித்தேன்? பிறந்ததிலிருந்து திருவொற்றியூரில் இருந்தவள் நான். சாயந்திரம் காற்று திரும்பியதும் கடை ஷட்டரைப் பாதி இறக்குவது என் வேலை. ஆனால் உன் தாளைப் பிரித்தபோது எனக்கு அது ஞாபகமே வரவில்லை. நேராக மரம்தான் தெரிந்தது, இலை தெரிந்தது, நல்ல அப்பா ஒருவர் தெரிந்தார். உன் கடிதத்தில் பிளான்ட் கேட் என்று படித்த பிறகுதான், ஆமாம், நாமும் அப்படித்தானே சொல்வோம் என்று உறைத்தது. சார் சொன்னபடி செருப்பைக் கழற்றி வைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் செருப்பைக் காணவில்லை. இது கெட்டிக்காரத்தனமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. மார்க் மட்டும் வருகிறது.

எட்டுத் தாள்களையும் ஊர்ப் பெயர் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். வார்டனிடம் 'பியர் கரெக்‌ஷன்' (ஒருத்தி தாளை ஒருத்தி திருத்துவது) என்று சொல்லிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். உன் ஹெச்.எம். கையெழுத்து இருந்தால்தான் நம்புவார் போல.

ஆனால் இது பாதிச் சோதனைதான். உங்கள் பள்ளியைச் சேராத, ஆனால் உங்கள் பக்கத்துப் பெண்கள் வேண்டும். நம்மோடு படித்த மெஹ்னாஸ் மணலி புதுநகர்ப் பள்ளிக்கு மாறிப் போனாளே, அவளைப் பிடி. அவர்கள் பள்ளிக்கு இந்தத் தாள் வரவில்லை என்று மட்டும் உறுதி செய்துகொள்.

கையெழுத்தைப் போட்டுவிடு என்று நான் எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஜெனி


முகத்துவாரக்குப்பம்,
27 ஜனவரி 2025

ஜெனி,

உன் கட்டு வெள்ளிக்கிழமை வந்தது. கிழிக்கவில்லை. ராமசெல்வியின் தாளை மட்டும் நாலு தடவை படித்தேன். அவளிடம் என் பெயரைச் சொல்.

நேற்று குடியரசு தினம். கொடியேற்றம் முடிந்ததும் மணலி புதுநகருக்குப் போனேன். அந்தத் தாள் அவர்கள் பள்ளிக்கு வரவே இல்லையாம். மெஹ்னாஸ் மாறவே இல்லை. "வாடி பேரிஸ்டர்! கேஸ் இன்னா, செக்‌ஷன் இன்னா?" என்று வாசலிலேயே கத்தினாள். அவள் வகுப்புப் பெண்கள் ஏழு பேரைத் தரையில் தள்ளித் தள்ளி உட்கார வைத்தாள். "எவளாவது எட்டிப் பாத்தீங்க, பிரியாணி கட்" என்று மிரட்டிவிட்டு, அவளே பறக்கும் படை மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றி வந்தாள்.

ஆறு பேர் தொழிற்சாலை. ஒருத்தி மட்டும் மரம். அவள் போன வருஷம்தான் தேனியிலிருந்து வந்தவளாம்.

இதில் ஒரு வேடிக்கை. ஒருத்தி எங்களைப் போலவே சாப்லிங்கைக் கம்பெனி என்று எழுதியிருந்தாள். அதற்கு மேல் ஒரு படி போய், 'கம்பெனி கை மாறியதால் அப்பாவின் வேலை நிரந்தரமாகவில்லை' என்று காரணமும் கொடுத்திருந்தாள். அவள் அப்பாவுக்கு நடந்தது அதுதானாம். தப்பு விடைதான், ஆனால் அதைப் படித்துவிட்டு மெஹ்னாஸ்கூட இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

இன்று காலை எல்லாத் தாளையும் சங்கமித்ரா மிஸ்ஸிடம் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். உன் அறைத் தாள்களை ஒரு பக்கம், மெஹ்னாஸ் தாள்களை ஒரு பக்கம் வைத்தார். "நான் பெரம்பூர்ல பொறந்தவ. கேள்வித்தாள் வந்தப்ப நானும் மரம்னுதான் படிச்சேன், வினிதா. உங்களுக்கு வேற மாதிரி படும்னு எனக்குத் தோணவே இல்ல" என்றார். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு ஹெச்.எம். அறைக்குப் போனார். அவர் எங்கள் பள்ளியில் அப்படிக் கதவைத் தட்டி நான் பார்த்ததில்லை.

ஹெச்.எம். எல்லாவற்றையும் பார்த்தார். நம்பினாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. மிஸ்ஸை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் மட்டும் வேறு குரலில் பேசினார். "நீ படிக்கிற பொண்ணு. உன்ன எனக்குத் தெரியும். நீ காட்டலன்னே வச்சுக்குவோம். மத்ததுங்க உன் தாளைப் பாத்து எழுதிச்சுங்க, அது உனக்குத் தெரியாதுன்னு எழுதிக் குடு. உன் பேரு தப்பிச்சுடும். அந்த மையத்துக்கும் நான் ஒரு பதில் சொல்லியாகணும்ல?"

வெளியே வந்தேன். ஜெனி, ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், சரி என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. மற்ற பதினேழு பேரில் பாதிப் பேர் கல்லூரிக்கே போகப்போவதில்லை. அவர்கள் நன்னடத்தையை யார் கேட்கப் போகிறார்கள்? அப்படி நினைத்தேன். நினைத்ததை உன்னிடம் சொல்கிறேன்.

எழுதிக் கொடுக்கத்தான் போகிறேன். ஆனால் நடந்ததை எழுதப் போகிறேன், அதுவும் ஆங்கிலத்தில். அந்த மையத்துக்கு அனுப்பினால் அவர்களும் படிக்கட்டும். என் ஆங்கிலத்தில் ஓட்டை இருக்கும். நீ ஒன்று எழுதி அனுப்பு. நான் அப்படியே என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். ஏழாம் தேதிக்குள் வந்துவிட வேண்டும்.

வினிதா


ராசிபுரம்,
31 ஜனவரி 2025

வினி,

எழுதித் தரமாட்டேன்.

முதலில் எழுதினேன். இரண்டு பக்கம், அருமையாக வந்தது. 'ரெஸ்பெக்டட் மேடம், இட் ஈஸ் வித் டீப் ஆங்க்விஷ்' என்று தொடங்கினேன். திரும்பப் படித்துவிட்டுக் கிழித்தேன். நீ காப்பி அடிக்கவில்லை என்று சொல்லும் கடிதத்தை நான் எழுதி, நீ பார்த்து எழுதினால் அதற்குப் பெயர் என்ன? சொல். இதைவிடப் பெரிய ஜோக் எங்கள் சார்கூடச் சொன்னதில்லை.

அது மட்டுமில்லை. 'டீப் ஆங்க்விஷ்', அதாவது ஆழ்ந்த மனவேதனை, என்று நீ எந்தக் காலத்திலாவது சொல்வாயா? அதைப் படித்தால் எங்கள் ஹாஸ்டல் பேசுகிற மாதிரி இருக்கிறது. இங்கே கடிதம் எழுதுவதற்கும் ஒரு வார்ப்பு வைத்திருக்கிறார்கள். பெயரை மட்டும் மாற்றினால் கல்யாணத்துக்கும் எழுதலாம், கருமாதிக்கும் எழுதலாம்.

ஓட்டை இருந்தால் இருக்கட்டும். சின்னச் சின்ன வாக்கியமாக எழுது. தெரியாத சொல்லைத் தொடாதே. ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம். தமிழில் யோசித்து அப்படியே பிடுங்கி நடாமல், ஆங்கிலத்திலேயே உனக்குச் சொல்லத் தெரிந்ததை மட்டும் சொல். இவ்வளவுதான் என்னிடம் இருப்பது.

அந்த ஒரு நிமிஷம் பற்றி எழுதியிருந்தாய். நானாக இருந்தால் அந்த நிமிஷம் அதோடு முடிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

கோபம் இருந்தால் சொல். ஆனால் நீயே எழுது.

ஜெனி


முகத்துவாரக்குப்பம்,
8 பிப்ரவரி 2025

ஜெனி,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ கடைசி வரிக்குத் தாவாமல் இருக்க. அந்த மன்னிப்புத் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. மற்றவர்கள் பார்த்து எழுதினார்கள் என்றும் எழுதிக் கொடுக்கவில்லை. பதினெட்டுப் பேருக்கும் அக மதிப்பீட்டு மார்க் ஏறிவிட்டது, சங்கமித்ரா மிஸ் கணினித் திரையில் காட்டினார். நன்னடத்தையில் யாருக்கும் எதுவும் எழுதப்போவதில்லை. பத்திக்கான ஐந்து மார்க் பூஜ்யம்தான். அது சரிதான், அது மரம்.

உன் மேல் கோபம் இருந்தது. இரண்டு நாள் திட்டிக்கொண்டே எழுதினேன். திட்டினால் ஆங்கிலம் கொஞ்சம் வேகமாக வருகிறது.

நேற்றுக் காலை கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு பக்கம்கூட இல்லை. ஹெச்.எம். நின்றபடியே படித்தார், பிறகு உட்கார்ந்து படித்தார். அறை புழுங்கியது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. நம் பக்கத்தில் காலையில் யார்தான் திறந்து வைக்கிறார்கள்? திருவொற்றியூரில் அவர் வீட்டிலும் அப்படித்தான் என்று பியூன் அக்கா சொல்வார்.

படித்து முடித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? சிரிக்காதே.

"இத யாரு எழுதிக் குடுத்தது?"

"நான்தான் எழுதினேன் மேடம்."

"எதப் பாத்து எழுதினே? நெட்டா?"

உன் இரண்டு பக்கத்தைக் கொண்டுபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தேன். அவர் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். "உக்காரு. என் எதிர்ல மறுபடி எழுது." முதல் தாளைத் தன் கைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எழுதினேன். சாப்லிங் என்ற சொல் தெரியாது, இப்போது தெரியும் என்று எழுதினேன். பெரிய எழுத்தைப் பார்த்துக் கம்பெனி என்று நினைத்ததையும் எழுதினேன். மெஹ்னாஸ், ராமசெல்வி, தேனிப் பெண் எல்லாரையும் எழுதினேன். வாக்கியங்கள் முன்னே பின்னே ஆயின, ஆனால் எதையும் விடவில்லை. ஒன்றை மட்டும் மாற்றினேன். முதல் தாளில், 'ஐ லிவ் நியர் தி பிளான்ட். ஐ டிட் நாட் காப்பி' என்று எழுதியிருந்தேன். எழுதும்போது அது எனக்கு உறுத்தவே இல்லை. அவருக்கு எதிரே உட்கார்ந்து இரண்டாம் தடவை 'ஐ' என்று எழுதப் போனபோது, மற்றவர்களை விட்டுவிட்டு என் பெயரை மட்டும் காப்பாற்றிக்கொள்ள அன்று அவர் கேட்டது அந்த ஒற்றை எழுத்தைத்தான் என்று புரிந்தது. இரண்டு இடத்திலும் 'வி' என்று போட்டேன்.

அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலை ஓட்டிக்கொண்டே படித்தார். விரல் அங்கே வந்து நின்றது.

"மொதல்ல 'ஐ'ன்னு எழுதியிருக்கே. இப்ப 'வி'ங்கிறே. எது சரி?"

"ரெண்டாவது மேடம்."

"'வி'ன்னா யாரு? நாங்களா, நாமளா?"

ஜெனி, இத்தனை வருஷம் ஆங்கிலம் படித்தும் இதை நான் யோசித்ததே இல்லை. தமிழில் எதிரே இருப்பவரைச் சேர்த்தோமா இல்லையா என்று சொல்லாமல் தப்பிக்க முடியாது. ஆங்கிலத்தில் அது தெரியவே தெரியாது. படிக்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஹெச்.எம். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புத் தாள் அவர் இடது கைப் பக்கத்தில் இருந்தது. அதன்மேல் பேனாவும் இருந்தது.

"ரெண்டு 'வி' கீது மேடம். காப்பி அடிக்கலன்றதுல நாங்க மட்டும்தான். பிளான்ட் பக்கத்துல குடியிருக்கோம்ன்றதுல நீங்களும் கீறீங்க."

பயத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. சாத்தின ஜன்னலைப் பார்த்தார் என்று சொன்னால் நான் கதை விடுகிறேன் என்பாய். அவர் எங்கும் பார்க்கவில்லை, தாளைத்தான் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து மூடி போட்டார். மன்னிப்புத் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார், ஃபைலில் வைக்கவில்லை. கைப்பையின் ஜிப்பை இழுத்தபடியே, ஹெச்.எம். குரலில், என்னைத் திருத்தினார்.

"'கீறீங்க'ன்னு பேசாத. எத்தினி வாட்டி சொல்லியிருக்கேன்? 'இருக்கீங்க'ன்னு ஒழுங்கா சொல்லு."

எழுந்து நின்று ஒழுங்காகச் சொன்னேன்.

"நீங்களும் இருக்கீங்க மேடம்."

வினிதா